முதல் பாதிக்காரன்

ஹஸ்தவீர் பரியார் தன் ஐம்பத்திரண்டு வயது வரை எந்தக் கோஷத்தின் இரண்டாம் பாதியையும் சொன்னதில்லை. அது மற்றவர்கள் வேலை. முதல் பாதியை அவன் தூக்கிப் போடுவான், ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும். "வீர தியாகிகள்!" என்று அவன் இழுத்தால் "வாழ்க!" என்போம் நாங்கள். வாழ்க என்று அவன் வாயால் நான் கேட்டதில்லை. ஒழிக என்றும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவனைத்தான் ராஜாவின் ஆள் என்று எங்கள் சிஸ்னே பஜார் எழுதி ஒட்டியது. எழுதியது என் கை. அது எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்கே இன்னும் தலை சுற்றுகிறது. சுற்றியவரைக்கும் சொல்கிறேன்.

பஜாருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. ஹஸ்தவீரின் அப்பா அதில் ஏறி நின்று, "நாளைக்கு வாய்க்கால் வேலை, வீட்டுக்கு ஒரு ஆளூ..." என்று கூவினால் ஆற்றுக்கு அக்கரையில் மேயும் எருமை தலையைத் திருப்பிப் பார்க்கும். ஊருக்குக் கூவுவது அந்தத் தையற்கார வீட்டின் வேலை. அந்தத் தொண்டை அப்படியே பிள்ளைக்கு வந்தது. கூடவே காதும் வந்தது. மலையில் கூவுகிறவனுக்குப் பதில் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். தெருவில் யாராவது இருமினால் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஆளின் பெயரைச் சொல்வான். ஊர்வலம் முடிந்த பிறகு, "சாஹுஜி, இன்னிக்கு உங்க மச்சான் வாயை மட்டும்தான் ஆட்டினாரு, சத்தம் வரல" என்பான். நான் கடைக்காரன், அதனால் எனக்குப் பெயர் சாஹுஜி. அவன் சொன்னது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை, என் மச்சான் அப்படிப்பட்டவர்தான்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே வகுப்பு என்று சொல்ல முடியாது, நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவன் வெளியே ஜன்னலுக்குக் கீழே சாக்கில் உட்கார்ந்தான். தையற்காரப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் இடம். மூன்றாம் வகுப்போடு அதையும் விட்டான். ஆனால் ராஜாவின் பிறந்தநாள் வந்துவிட்டால் ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பி அவனைக் கூட்டிவந்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்துவார். "நம்ம ராஜா, நம்ம நாடு!" என்று அவன் கூப்பிட வேண்டும். "உசுரைவிட மேலு!" என்று பள்ளிக்கூடமே பதில் சொல்ல வேண்டும். நான் மானிட்டர். முதல் வரிசையில் நின்று பதிலை ஆரம்பித்துவைப்பது என் பொறுப்பு. நான் பிந்தினால் பின்னால் இருக்கிற முந்நூறு பேரும் தடுமாறுவார்கள், அதனால் நான் பிந்தியதே இல்லை. முடிந்ததும் எல்லோருக்கும் இலையில் வைத்து ஜிலேபி கொடுப்பார்கள். அவனுக்கு மட்டும் கையில் படாமல் மேலேயிருந்து போடுவார்கள். அதையும் அவன் சரியாகப் பிடித்துவிடுவான்.

பிறகு காலம் மாறியது, கட்சிகள் வந்தன, தேர்தல் வந்தது. எல்லாக் கட்சிக்கும் அவன்தான் கூப்பிட்டான். காலையில் குடைக் கட்சி, மத்தியானம் தீப்பந்தக் கட்சி. அவரவர் கொடியை அவரவர் பிடிக்க, நடுவில் இவன் கைமைக்கோடு போவான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. தையற்காரன் எல்லோருக்கும்தானே சட்டை தைக்கிறான் என்று விட்டுவிட்டோம். அவன் மனைவி சுன்கேசரிக்கு மட்டும் பொறுக்காது. "வாய் வாடகைக்குன்னு வாசல்ல ஒரு போர்டு மாட்டிடு. வர்றவங்களுக்குச் சுலபமா இருக்கும்" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் கேட்பான்.

தேர்ந்தெடுத்த சபையைக் கலைத்த ராஜா ஆட்சியையும் தன் கையில் எடுத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது, எங்கள் பஜாரில் ஐந்து கட்சிகள் சேர்ந்து கூட்டணிக் கமிட்டி அமைத்தன. ஐந்தில் பெரியது குடை. அதன் தலைவர் சூடாமணி வக்கீல். அடுத்தது தீப்பந்தம், அதற்குக் கணக்கு வாத்தியார் தீர்க்கராஜ். ஏணிக் கட்சிக்காரர் குடைக்காரரின் சம்பந்தி. மீன் கட்சிக்காரர், தீர்க்கராஜ் கிள்ளினால் அழுவார், தடவினால் சிரிப்பார். ஐந்தாவது பானைக் கட்சி. அது நான்தான், அஷ்டமான் ஸ்ரேஷ்ட, விதைக் கடை. எங்கள் கட்சிக்குப் பஜாரில் நானும் என் மச்சானுமாக இரண்டு பேர் இருந்தோம், மச்சான் போன தசைன் பண்டிகைக்கு முன்பே விலகிவிட்டார். இருந்தாலும் கமிட்டியில் எனக்கு முழு நாற்காலி. அதுவும் என் சொந்த நாற்காலி, ஏனென்றால் கூட்டமே என் கடைப் பின்கட்டில்தான் நடந்தது. மற்ற யார் வீட்டுக்கும் மற்றவர் போகத் தயாராக இல்லை.

ஊர்வலத்துக்கு என்னென்ன கோஷம் என்று முடிவுசெய்ய மூன்று நாள் ஆனது. எல்லோரும் ராஜாவுக்கு எதிராகத்தான் வந்திருந்தார்கள். எந்த அளவுக்கு எதிர் என்பதில்தான் தகராறு.

"ராஜாவே வேண்டாங்கறோம். குடியரசுன்னு தைரியமா ஒரு வார்த்தை போடுங்க" என்றார் தீர்க்கராஜ்.

"ராஜா ஆளக்கூடாது, அவ்வளவுதான். சாமி சிலையாட்டம் ஒரு மூலைல உக்காந்துட்டுப் போறாரு. கலைச்ச சபையைத் திருப்பிக் கொடுத்தா போதும்" என்றார் வக்கீல்.

"மூலைல உக்கார வச்சா மறுபடி நடுவீட்டுக்கு வருவாரு. உங்க கட்சிக்கு அரண்மனை வாசல் மண்ணு இன்னும் நெத்தில ஒட்டியிருக்கு வக்கீல் சார்."

"உங்க கட்சி காட்டுல துப்பாக்கி பிடிச்சவனோட உக்காந்து டீ குடிக்குதே, அதை நான் கேட்டேனா?"

கடைசியில் ஒன்பது கோஷங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். நான் அழகாக எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஒன்பதில் ஒன்றிலும் ராஜா என்ற சொல்லே இல்லை. ஒழிக என்று போட்டால் குடைக்கு ஆகாது, போடாவிட்டால் தீப்பந்தத்துக்கு ஆகாது. அதனால் ஆளையே எடுத்துவிட்டார்கள்.

ஹஸ்தவீருக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். நான் போய்ப் படித்துக் காட்டினேன். ஒன்பதையும் கண்ணை மூடிக் கேட்டான்.

"சாஹுஜி, இதுல ராஜா எங்க?"

"இல்ல."

"அப்ப நாம யாரை எதிர்த்துப் போறோம்?"

"ராஜாவைத்தான்."

"பேரு சொல்லாமலா?"

"அந்தச் சொல் மட்டும் உன் வாய்ல வரக்கூடாது ஹஸ்தே. வந்தா கூட்டணி உடைஞ்சுடும். புரியுதா?"

"புரியல. ஆனா கூப்பிடுறேன்" என்றான்.

எட்டு நாள் ஒழுங்காகக் கூப்பிட்டான். டெலிபோனை வெட்டியிருந்தார்கள், கடைகள் பாதி திறந்திருந்தன, உப்புக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் மலைக் கிராமங்களிலிருந்து நாளுக்கு நாள் ஆள் இறங்கி வந்தது. ஒன்பதாம் நாள் ஆற்றுப் பாலத்தருகே மூவாயிரம் பேர் நின்றோம். அக்கரையில் போலீஸ் தடுப்புப் பலகைகளோடு வரிசையாக நின்றது. முதல் வரிசையில் நாங்கள் கமிட்டி ஐந்து பேரும் கைகோர்த்து நின்றோம். எங்களுக்கு முன்னால் ஹஸ்தவீர், அடிபட்டு நசுங்கிய கைமைக்கோடு. ஒன்பது கோஷமும் மூன்று சுற்று முடிந்துவிட்டது. தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு. ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சு வாங்கினான். பிறகு மைக்கைத் தூக்கினான்.

"நம்ம ராஜா, நம்ம நாடு!"

"உசுரைவிட மேலு!"

மூவாயிரம் தொண்டை. ஆற்றின் இரு கரையும் அதிர்ந்தது. இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு ஒரே குரலாக எந்தப் பதிலும் வந்ததில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அது, இளசுகள் அவர்கள் பின்னால் போனார்கள். வக்கீல் சொன்னார். குடியரசுக்காக மூன்று நாள் தொண்டை கிழியப் பேசிய தீர்க்கராஜும் சொன்னார், என் இடது கை அவர் கையில் கோர்த்திருந்தது, எனக்குத் தெரியாதா. நானும் சொன்னேன். அக்கரையில் ஒரு வயதான போலீஸ்காரர் பலகைக்குப் பின்னாலிருந்து உதட்டை அசைத்ததைக்கூடப் பார்த்தேன்.

அப்புறம் ஆற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது. என்ன சொன்னோம் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அக்கரை இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். எங்கள் பக்கத்தில் பின்னாலிருந்து ஒரு செருப்பு பறந்துவந்து ஹஸ்தவீரின் முதுகில் விழுந்தது. யாரும் அடிக்காமல், யாரும் சுடாமல் மூவாயிரம் பேர் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தோம். பாலத்து முனையில் அவன் மட்டும் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான், தப்பு அதற்குள் இருக்கிறதோ என்பதுபோல.

மறுநாள் காலை அவன் வீட்டுக் கதவில் கரியால் 'ராஜா ஆள்' என்று எழுதியிருந்தது. சுன்கேசரி என் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் குறையவில்லை.

"சாஹுஜி, அந்த மனுசன் கூப்பிட்டது நாலு வார்த்தை. அதுல ஏதாவது கெட்ட வார்த்தை இருக்கா சொல்லுங்க. நம்ம ராஜாங்கறான், நம்ம நாடுங்கறான். உசுரைவிட மேலுன்னு அவன் சொன்னானா? அதைச் சொன்ன மூவாயிரம் பேர் வீட்டுக் கதவுலயும் கரி எங்க?"

"கமிட்டி விசாரிக்கும் அண்ணி."

"கமிட்டி! நேத்து உங்க வாய்க்கு என்ன வந்துச்சு சாஹுஜி? நீங்க பதில் சொல்லலையா?"

"எல்லாரும் சொன்னாங்க" என்றேன். எல்லாரும் என்பது எவ்வளவு வசதியான சொல் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் தைக்கத் துணி வரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்திவைத்தார்கள். ஒரு வாரம் இப்படியே போனால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கமிட்டி அவனைக் குற்றமில்லாதவன் என்று எழுதி ஒட்டினால் பிழைப்பான். இல்லையென்றால் இல்லை.

விசாரணை அன்று மத்தியானமே என் கடைப் பின்கட்டில் நடந்தது. அதற்கு முன் வக்கீல் தனியாக என்னிடம் வந்தார். "அஷ்டமான், இது தீப்பந்தத்தோட சதி. நம்மளை ராஜா வால்னு காட்டறதுக்குச் செஞ்சது. ஹஸ்தே அதைச் சொல்லிட்டா அவனை நான் காப்பாத்துவேன்." அவர் போன பத்தாவது நிமிடம் தீர்க்கராஜ் வந்தார். "அஷ்டமான் அண்ணே, குடைக்காரனுக்கு உள்ளுக்குள்ள ராஜா பக்திதான். அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கான். ஹஸ்தே அதை ஒப்புக்கிட்டா அவன் நம்ம ஆளு." இரண்டு பேரும் என் வெல்லத்தையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என் வியாதி.

ஹஸ்தவீரை ஒரு விதை மூட்டையின் மேல் உட்காரவைத்தார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"யார் சொல்லி அப்படிக் கூப்பிட்டே?" என்றார் வக்கீல்.

"யாரும் சொல்லல. வாய் தானா போச்சு."

"வாய் தானா போகுமா? மாடா அது?" என்றார் தீர்க்கராஜ். "பயப்படாதே, பேரைச் சொல்லு. ராஜாவைப் பத்தி உன்கிட்ட பேசினது யாரு?"

அவன் யோசித்தான். கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான்.

"பேசினதுன்னா ரெண்டு பேரும் பேசினீங்க. மாஸ்டர், நீங்க முந்தாநாள் வந்து, பாலத்துக்கிட்ட போனதும் 'ராஜாவே வெளியேறு'ன்னு ஒண்ணு கூப்பிடு, லிஸ்ட்ல இல்லாட்டி பரவால்லன்னீங்க. நீங்க போனதும் வக்கீல் சார் வந்தாரு. அந்த வாத்தியான் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பான், ராஜாங்கற வார்த்தையே வாய்ல வரக்கூடாது, வந்தா நாக்கை அறுத்துடுவேன்னாரு. அதுக்கு முன்னாடியே சாஹுஜியும் வரக்கூடாதுன்னுட்டாரு. நான் அதுலேருந்து அந்த ஒரு வார்த்தையையே நினைச்சுக்கிட்டிருந்தேன். சொல்லணுமா கூடாதான்னு தெரியல. பாலத்துக்கிட்ட வாயைத் திறந்தேன். ராஜான்னு வந்துடுச்சு. வந்த பிறகு அதுக்கு அடுத்தது என்னன்னு வாய்க்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"பொய்!" என்றார்கள் வக்கீலும் வாத்தியாரும்.

கூட்டணி அமைந்ததிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொன்னது அப்போதுதான். எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரகசியமாக லிஸ்டை மீறச் சொன்னவர் ஒருவர், ரகசியமாக மிரட்டியவர் ஒருவர். இரண்டும் வெளியே போனால் இரண்டு பேருக்கும் அசிங்கம். அந்தப் பார்வையிலேயே அவர்களுக்குள் ஏதோ முடிவாகிவிட்டது.

தீர்க்கராஜ் குரலை மாற்றினார். "சரி. நீ கூப்பிட்டே. முதல்ல பதில் சொன்னது யாரு? யாராவது ஒருத்தன் ஆரம்பிச்சாத்தான் கூட்டம் பின்னால வரும். அவன்தான் உன் கூட்டாளி. உனக்குத்தான் குரல் எல்லாம் தெரியுமே?"

ஹஸ்தவீர் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தான். அதை ஒருமுறை மடித்தான், பிரித்தான்.

"தெரியல மாஸ்டர். கூட்டம் ஜாஸ்தி."

"தெரியலன்னா நீதான் தனியா பொறுப்பு."

"சரி" என்றான்.

அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கமிட்டி பேசியது. அதிகம் பேசவில்லை. 'ஹஸ்தவீர் பரியார் எதிரியால் ஊர்வலத்துக்குள் அனுப்பப்பட்ட ராஜாவின் ஆள். அவருக்கும் கூட்டணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' வக்கீல் சொல்லச் சொல்ல நான் தீர்மான நோட்டில் எழுதினேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏகமனதாக இருந்தால்தான் செல்லும் என்பது எங்கள் விதி. நோட்டு என் பக்கம் வந்தது.

"அஷ்டமான் அண்ணே, நாளைக்கு ஊர்வலம் நடக்கணுமா வேண்டாமா?" என்றார் தீர்க்கராஜ்.

"ஒரு ஆளா, ஒரு நாடா, நீயே பாத்துக்கோ" என்றார் வக்கீல்.

நான் போட்டேன். ஏன் போட்டேன் என்று எத்தனையோ விதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாட்டுக்காக என்று சொன்னால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். பயத்தில் என்று சொன்னால் அதுவும் சரியாகத்தான் இருக்கும். போட்ட கை என்னுடையது, அதில் மட்டும் குழப்பமில்லை. தீர்மானத்தை நகல் எடுத்துக் குழாயடிச் சுவரில் ஒட்டினோம்.

அடுத்த நாள் கட்சிக்கு ஒருவராக ஐந்து பேர் மைக் பிடித்தார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். கூட்டம் எதற்கு வாழ்க சொல்வது, எதற்கு ஒழிக சொல்வது என்று தெரியாமல் திணறியது. ஒரு தடவை ஜனநாயகத்துக்கே ஒழிக சொல்லிவிட்டோம். எப்படியோ நாட்டின் மற்ற ஊர்கள் ஒழுங்காகக் கத்தியிருக்க வேண்டும், அடுத்த வாரமே ராஜா பணிந்தார், கலைத்த சபையைத் திருப்பிக் கொடுத்தார். பஜார் முழுக்கச் செந்தூரம் பறந்தது. வெற்றி ஊர்வலம் தையற்காரத் தெரு வழியாகப் போனபோது ஹஸ்தவீர் வாசலில் நின்றான். உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தான், தைக்கும்போது கடிப்பார்களே அதுபோல. கையில் துணி எதுவும் இல்லை.

சுன்கேசரியின் அண்ணன் அக்கரைக் கிராமத்திலிருந்து தைக்கத் துணி அனுப்பிவைத்தார். அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டணிக் கமிட்டி, 'பணி முடிந்தது' என்று அதே நோட்டில் எழுதித் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அடுத்த மாதத்திலிருந்து குடையும் தீப்பந்தமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. அப்போது இரண்டு பேரும் தனித்தனியாக ஹஸ்தவீர் வீட்டுக்குப் போனார்கள். பழசெல்லாம் மனதில் வைக்காதே, மைக் பிடிக்க வா என்றார்கள். அவனைப்போல் வேறு தொண்டை பஜாரில் இல்லையே. அவன் இரண்டு பேரிடமும் ஒரே பதில் சொன்னானாம்: "என்னை ராஜா ஆளுன்னு எழுதியிருக்கீங்க. அதை ரத்து பண்ணிட்டு வாங்க. வர்றேன்."

எனக்கும் மனசு உறுத்தியது. ரத்து செய்துவிடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். "அது கூட்டணித் தீர்மானம். கூட்டணிதான் ரத்து பண்ண முடியும். சட்டம் அப்படி."

"கூட்டணி இப்ப எங்க இருக்கு சார்?"

"இல்லையே. கலைச்சாச்சே."

"அப்ப?"

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல."

தீர்க்கராஜ் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் இப்பவே ரெடி. ஆனா அந்தக் குடைக்காரன் பேருக்குக் கீழ என் கையெழுத்து போடமாட்டேன். அவன் பேருக்கு மேல இடம் இருக்கா பாருங்க."

இடம் இல்லை. ஏணிக்காரர் செத்துப்போயிருந்தார். மீன்காரர் தீப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் மீன் சார்பாக அவர் எதுவும் போடக்கூடாதாம். அந்த வருடம் கோடையில் புதிய சபை கூடி, ராஜாவே இனி இல்லை என்று முடிவெடுத்தது. அரண்மனையைப் பூட்டி ராஜாவை வெளியே அனுப்பினார்கள். பஜாரில் மறுபடி செந்தூரம் பறந்தது. நாட்டில் ராஜா இல்லை, எங்கள் ஊரில் ராஜாவின் ஆள் ஒருவன் மட்டும் இருந்தான்.

அன்று மத்தியானம் வெற்றிச் சத்தத்துக்கு நடுவே நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான். சுன்கேசரி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள், டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் தீர்மானத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். என் கையெழுத்தை அவன் முன்னால் அடித்தேன். பக்கத்தில், 'அன்று நானும் பதில் சொன்னேன்' என்று எழுதி, அதையும் படித்துக் காட்டினேன்.

அவன் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"அது எனக்குத் தெரியும் சாஹுஜி."

"எல்லாரும்தான் சொன்னாங்க. அதுல நானும்..."

"எல்லாரும் அப்புறம். முதல்ல வந்தது உங்க குரல். நான் கூப்பிட்டு மூச்சு விடறதுக்குள்ள வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எப்பவும் வருமே, அதே மாதிரி. உங்க பின்னாலதான் கூட்டம் வந்துச்சு."

தெருவில் யாரோ வெடி போட்டார்கள். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அந்த வீட்டில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குக் கேட்டாங்களே ஹஸ்தே. ஏன் தெரியலன்னே?"

"சொல்லியிருந்தா உங்க கதவுலயும் கரி பூசியிருப்பாங்க. வக்கீல் சாருக்கும் மாஸ்டருக்கும் பின்னால ஆள் இருக்கு. உங்க கட்சில நீங்க ஒருத்தர். உங்களுக்கு யார் வந்து துடைச்சு விடுவாங்க?"

அவன் குத்திக்காட்டவில்லை. விதை விலை சொல்வதுபோலத்தான் சொன்னான். அவன் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். மற்ற நான்கு கையெழுத்தையும் எண்ணினான்.

"இவங்க நாலு பேரு அப்படியேதான் இருக்காங்களா?"

"அப்படியேதான்."

"அப்ப இப்போ நான் யாரோட ஆளு சாஹுஜி?"

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கூப்பிட்டு நான் பிந்தியதில்லை. அன்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவன் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தான்.